கையில் ஒரு லட்சம், எதிரே ஐந்து வழிகள்: மாற்றுத்திறனாளி ஒருவர் தொழில் தொடங்க எப்படி உதவுவது?

"தங்கச்சிக்கு ஒரு கடை வெச்சுக் குடுத்துடலாம்னு இருக்கோம் சார். கையில ஒரு லட்சம் இருக்கு. இதை வெச்சே ஆரம்பிக்கலாமா, லோன் போடலாமா? பெட்டிக்கடையா, தையல் கடையா? எது நல்லது?"

போன மாதம் வந்த போன் இது. மாதத்துக்கு நாலைந்து இப்படி வரும். பேசுகிறவர் பெரும்பாலும் மாற்றுத்திறனாளியின் அண்ணனாகவோ அப்பாவாகவோ இருப்பார். "தங்கச்சி என்ன சொல்லுது?" என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுகிட்ட இன்னும் கேக்கலீங்க. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு..."

என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஏற்பாடு செய்தோம். இரண்டு வயதில் போலியோ, இரண்டு காலிலும் காலிப்பர் என்கிற கால் தாங்கி. 1990-களில் எஸ்.டி.டி பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் கடை, ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. அப்பா அலைந்து திரிந்து அண்ணன் பெயரில் ஒன்று வாங்கினார். சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கூண்டு, இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்திருக்கும் கூட்டம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கல்லாச் சாவி அப்பாவிடம் இருந்தது. டெலிபோன் பில் கட்டுவது, கடை வாடகை பேசுவது, வங்கிக்குப் போவது எல்லாம் அப்பாதான். 2003-ல் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. இரண்டே வருடத்தில் பூத்தில் ஈ ஆடவில்லை. அப்போதுதான் தெரிந்தது, எட்டு வருடம் 'முதலாளி'யாக இருந்த அண்ணனுக்கு ஒரு வங்கிச் செலான் நிரப்பத் தெரியாது என்று. பிறகு ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று அவர் இரண்டாவது முறை தொடங்கினார். அதற்கான அலைச்சலில் அரை ஆபீசராக ஆகிவிட்ட நான்தான் இப்போது இந்தப் போன்களை எடுக்கிறேன்.

கீழே இருப்பது தமிழ்நாட்டில் இருக்கும் ஐந்து வழிகளின் ஒப்பீடு. திட்டத் தொகைகள் அரசாணைக்கு அரசாணை மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

கணக்கு யார் பெயரில்? இதற்கு எளிய சோதனை, கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்ததும் பணம் யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது? "அண்ணன் நம்பர்தான், அதுக்கு ஏன் தனியா" என்றால், அங்கே தங்கை முதலாளி இல்லை; சம்பளம் இல்லாத கடையாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகத்தையோ ஏடிஎம் அட்டையையோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கவுண்ட்டரில் மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.

உடம்பின் நாள். இதைத்தான் எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் கேட்கிறேன். சாலையோரக் கடைகளுக்கு முன்னால் சாக்கடை ஓடும். அதைத் தாண்டி இரண்டு படி. ஒரு படி ஆறு அங்குலம் என்றால் இரண்டு படிக்கு ஓர் அடி உயரம். சரிவுப் பாதைக்கு 1-க்கு 12 என்பது விதி. ஓர் அடி ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். அந்த 12 அடி சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த ஆக்கிரமிப்பு அகற்றலில் முதலில் போவது அதுதான். ஆகவே 'வாடகை குறைவு' என்று கிடைத்த கடைக்குள் உங்கள் தங்கை ஒவ்வொரு நாளும் யாரோ தூக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டியிருக்கும்.

கழிப்பறையும் அப்படித்தான். அண்ணன் பூத்தில் உட்கார்ந்த எட்டு வருடமும் காலை பத்து மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. ஒரு கோடையில் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவராகச் சொன்னார்.

ஒருவருக்கு உதவும் கருவி இன்னொருவருக்கு உதவாது. பணம் வந்ததும் உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் பார்வையற்ற கடைக்காரருக்கு வரப்பிரசாதம். காது கேளாதவருக்குப் போன் திரையோ அதிர்வோதான் வேண்டும். ரூபாய் நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' செயலியை ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்டது. இலவசம். ஆனால் கூட்டம் நிற்கும் நேரத்தில் ஒவ்வொரு நோட்டாகக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. கைப்பழக்கமும் வேண்டும்.

பணம் கைக்கு வரும் நாள். சில வழிகளில் நாளைக்கே, சிலவற்றில் மாதக்கணக்கில்.

கவிழ்ந்தால் யார் தலையில்? தொழில் என்றால் நட்டமும் வரும். அது தங்கையின் சிபில் கணக்கில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றில் விழுமா, அண்ணனின் சேமிப்பில் விழுமா, ஜாமீன் போட்ட சித்தப்பாவின் சம்பளத்தில் விழுமா?

இன்று எடுக்கும் அடி நாளைய கதவை அடைக்குமா? யாரும் கேட்காத கேள்வி. சில திட்டங்கள் புதிய தொழிலுக்கு மட்டும்தான். சில, வேறு மானியம் வாங்கியிருந்தால் கிடையாது. எந்த வழி என்பதைப் போலவே எது முதலில் என்பதும் பணம்தான்.

எந்த அரசு வழியானாலும் அடையாள அட்டை இல்லாமல் நகராது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்ற மருத்துவச் சான்று, தனித்துவ அடையாள அட்டை எனப்படும் யுடிஐடி, ஆதார், தங்கை பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. கூட்டுக் கணக்கு வேண்டாம். உதவித்தொகை வரும் கணக்கையும் தொழில் கணக்கையும் கலக்க வேண்டாம். தவணை நாளில் வங்கி எந்தப் பணம் என்று பார்க்காது, இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

## வழி 1: வீட்டுப் பணத்தில் நேராகத் தொடங்குவது

வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. படிவம் இல்லை, மேலாளர் இல்லை, திங்கள்கிழமை முடிவெடுத்து வெள்ளிக்கிழமை தொடங்கலாம். கவிழ்ந்தாலும் வங்கி நோட்டீஸ் வராது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது அட்வான்ஸ். மாத வாடகை 5,000 என்றால் பத்து மாத அட்வான்ஸுக்கே 50,000 போய்விடும். உங்கள் ஒரு லட்சத்தில் பாதி வீட்டுக்காரரின் பீரோவில் தூங்கும். ரேக், போர்டு, திறப்பு விழா எல்லாம் போக, சரக்குக்கு 20,000 மிஞ்சினால் அதிகம். மூன்றாவது மாதம் சரக்கு தீரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, இந்தப் பணத்தின் வட்டி. வங்கி மாதாமாதம் கேட்கும், தங்கை மாதாமாதம் கொடுத்துவிடலாம். அண்ணன் கொடுத்த பணத்துக்குத் தவணை கிடையாது. எனவே முடிவும் கிடையாது. அண்ணி வந்து எண்ணெய் பாக்கெட் எடுத்துக்கொண்டு போவார். பில் போட முடியாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது சொல்லிக் காட்டுவார்கள். இதற்கு ஒரே மருந்து தாள். இது அன்பளிப்பா கடனா, கடன் என்றால் எப்போதிலிருந்து எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உறவில் இதெல்லாமா என்பீர்கள். உறவு கெடாமல் இருக்கத்தான். கடை ஒப்பந்தமும் தங்கை பெயரில்.

இது யாருக்கு நல்லது? வேலை ஏற்கனவே கையில் இருப்பவருக்கு. அக்கம்பக்கத்தாருக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார், ஆரி வேலை செய்கிறார், டியூஷன் எடுக்கிறார் என்றால் 20,000, 30,000 போட்டு வீட்டிலிருந்தே பெருக்கலாம். மிச்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். வாடகைக் கடைக்கு மட்டும் இந்தப் பணத்தை முதலில் போடாதீர்கள். காரணம் மூன்றாவது வழியில் வருகிறது.

## வழி 2: நலத்துறையின் கருவியும் சிறு மானியமும்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டியவை மூன்று. கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் மோட்டார் பொருத்திய தையல் மெஷின். அறிவுசார் குறைபாடு உள்ளவரின் தாய்க்கும் இது உண்டு. சிறு வங்கிக் கடனோடு சேர்த்துக் கடன் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற மானியம். ஆவின் பாலகம் வைக்க 50,000 ரூபாய் வரை உதவி.

இலவசம் என்பதால் இதில் மறைந்த செலவு இல்லை என்று நினைக்க வேண்டாம். மெஷின் வந்துவிடும், ஓவர்லாக் மெஷினும் அயர்ன் பாக்ஸும் வெட்டுமேசையும் வராது. ஊரில் எத்தனை வீட்டில் அந்த மெஷின் மீது துணி விரித்து டிவியை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தைக்கத் தெரியாததால் அல்ல, ஆர்டர் இல்லாததால்.

வெட்டுமேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தையல்கடை மேசை நின்று வெட்டும் உயரத்துக்குச் செய்தது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது மார்பளவு வரும். கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்து வெட்ட வேண்டும். தெரிந்த ஒரு பெண்ணுக்கு இரண்டே வாரத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தச்சரைக் கூப்பிட்டு நாலு காலிலும் அறுத்துத் தள்ளினோம். ஆனால் முழங்கால் உள்ளே போகக் குறுக்குச் சட்டம் இடித்தது. அதையும் எடுத்துவிட்டு பக்கவாட்டில் முட்டுக் கொடுத்தார் தச்சர். அரை நாள் வேலை. அதற்குப் பிறகுதான் மெஷினுக்கே அர்த்தம் வந்தது.

ஆவின் பாலகத்தில் ஒரு பெரிய நன்மை, பெயர் ஏற்கனவே இருக்கிறது. வாடிக்கையாளரைத் தேட வேண்டாம். ஆனால் பால் விடியும் முன்னால் வண்டியில் வரும். ட்ரேயை இறக்கி எண்ணி அடுக்க வேண்டும். பிரிட்ஜ் இரவும் பகலும் ஓடும். காலை நான்கு மணிக்குத் தங்கையை யார் கொண்டுவந்து விடுவார், ட்ரேயை யார் தூக்குவார்? அந்த ஆளுக்குக் கூலி கொடுத்த பிறகு கமிஷனில் என்ன மிஞ்சும்? இந்தக் கணக்கைப் போடாமல் விண்ணப்பிக்காதீர்கள். வீட்டில் ஒரு ஆள் விடியற்காலையில் கைகொடுக்க முடியும், கடைக்கு நல்ல இடமும் கிடைக்கிறது என்றால், முதல் தொழிலாக இதைவிடப் பத்திரமானது அதிகம் இல்லை.

## வழி 3: மானியத்தோடு வங்கிக் கடன்

வாசல் மாவட்டத் தொழில் மையம். இரண்டு திட்டங்கள்.

ஒன்று மத்திய அரசின் பிஎம்இஜிபி, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2022-ல் திருத்திய விதிப்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருவார்கள்: சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், மானியம் கிராமப்புறத்தில் 35, நகர்ப்புறத்தில் 25 சதவீதம். உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேல் போனால்தான் 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள்.

இன்னொன்று மாநில அரசின் யுஒய்இஜிபி, வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம். 15 லட்சம் வரை திட்ட மதிப்பு, 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம், 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பில் தளர்வு, சொந்தப் பங்கு இதிலும் 5 சதவீதம்தான். வாங்கி விற்கும் கடைக்கு இதில் இடம் அதிகம். பிஎம்இஜிபி உற்பத்தியையும் சேவையையும்தான் முதலில் பார்க்கும்.

கணக்கு இப்படி வரும். கிராமத்தில் 4 லட்ச ரூபாயில் ஒரு மசாலா அரைக்கும் அலகு என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் பங்கு 20,000. வங்கி தருவது 3,80,000. மானியம் 1,40,000. இதைக் கேட்டதும் எல்லாரும் 1,40,000 கைக்கு வருகிறது என்று நினைக்கிறார்கள். வராது. அது வங்கியிலேயே தங்கை பெயரில் மூன்று வருடம் முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி தரமாட்டார்கள். அதே அளவு கடனுக்கு வட்டி கேட்கவும் மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து அலகு ஓடுகிறதா என்று வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இரண்டாவது வருடத்தில் கடையை மூடினால் மானியம் திரும்பிப் போகும், கடன் முழுதாய் நிற்கும்.

அடுத்தது, முன்பு சொன்ன அந்தக் கதவு. பிஎம்இஜிபி புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கனவே நடக்கும் அலகுக்கோ, வேறு அரசு மானியம் பெற்ற அலகுக்கோ கிடையாது. 'முதலில் வீட்டுப் பணத்தில் கடையைத் திறப்போம், ஓடினால் லோன் போடலாம்' என்பதுதான் எல்லாருக்கும் தோன்றும் நல்ல யோசனை. அந்த நல்ல யோசனையில் 1,40,000 போய்விடலாம். பெரிய அலகு வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு கடை. தொழிலைப் பழகிப் பார்க்க வேண்டுமானால் வேறொருவர் அலகில் ஆறு மாதம் வேலை செய்து பழகலாம்.

வங்கியில் என்ன நடக்கும்? ரிசர்வ் வங்கி விதிப்படி குறு, சிறுதொழில் கடனில் 10 லட்சம் வரையாவது சொத்துப் பிணை கேட்கக் கூடாது. மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் கடனை வங்கி தன் நலிவடைந்த பிரிவினர் கணக்கிலும் காட்டிக்கொள்ளலாம். வங்கிக்கும் அதில் லாபம்தான். ஆனாலும் ஒரு கிளையில் எங்களை உட்கார வைத்துவிட்டு, "இவங்க எப்படி ஓடியாடி வியாபாரம் பண்ணுவாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். கடன் கேட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார்: "ஓடியாடற வேலைக்குக் கேக்கல சார், உக்காந்து செய்யற வேலைக்குத்தான் கேட்டேன்." நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பல நிராகரிப்புகள் 'அடுத்த வாரம் வாங்க' ஆகிவிடும்.

மானியமில்லாத முத்ரா கடனும் உண்டு. அதன் மிகச் சிறிய பிரிவான சிசுவில் 50,000 வரை. அலைச்சல் குறைவு. சின்னத் தேவைக்கு அது போதும்.

எதிர்பார்க்க வேண்டிய காலம்: விண்ணப்பம், பரிந்துரை, வங்கி, பயிற்சி என்று மாதக்கணக்கில். பயிற்சி நடக்கும் கட்டடம் எத்தனாவது மாடி, சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா, இணையவழியில் முடிக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

## வழி 4: கூட்டுறவு வங்கி வழியாகத் தேசியக் கழகத்தின் கடன்

மாற்றுத்திறனாளிகளுக்காகவே 1997-ல் தொடங்கிய தேசிய நிதி மேம்பாட்டுக் கழகம் ஒன்று இருக்கிறது. என்எச்எஃப்டிசி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும், இப்போது என்டிஎஃப்டிசி. தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கிகள் வழியாக இதன் கடன் வருகிறது. சிறு தொகைகளுக்கு வட்டி 5, 6 சதவீதம் என்ற அளவில்; பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. தவணை தவறாமல் கட்டுவோரின் வட்டியை மாநில அரசே ஏற்கும் ஏற்பாடும் இருந்துவருகிறது. உங்கள் வங்கியில் இப்போது அது உண்டா என்று கேட்டு, உண்டென்றால் ஒரு தவணைகூடத் தாமதிக்காதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ வாங்கலாம்.

இங்கே முட்டும் இடம் ஜாமீன். அரசுச் சம்பளக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காக உறவு முழுக்க அலைந்து, கடைசியில் வராமலே போன குடும்பங்களை எனக்குத் தெரியும். சம்பளக்கார உறவு இருக்கிறது, அவருக்கு மனமும் இருக்கிறது என்றால், ஒன்று இரண்டு லட்சத்துக்குள் தேவை உள்ளவருக்கு இதைவிட மலிவான பணம் வெளியே கிடைக்காது. கந்து வட்டிக்கு வாங்கிச் சரக்கு போடும் பூ வியாபாரிக்கும் காய்கறிக் கடைக்காரருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## வழி 5: சுய உதவிக் குழு

சாதாரணக் குழுவுக்குப் பத்துப் பேர் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் சிறப்புக் குழுவுக்கு ஐந்து பேர் போதும், ஆண்களும் சேரலாம். சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, கணக்கு எழுதிப் பழகிய பிறகு வங்கிக் கடன் வரும். தொகை சிறிது. காலமும் ஆகும். ஆனால் அண்ணனுக்கு எட்டு வருட பூத்தில் கிடைக்காதது இங்கே ஆறு மாதத்தில் கிடைக்கும்: செலான் நிரப்புவது, தீர்மானம் எழுதுவது, மேலாளரிடம் நேராகப் பேசுவது.

சிக்கல், கூட்டம். வாராவாரம் கூட வேண்டும், அதுவும் ஐந்து பேருக்கும் எட்டும் இடத்தில். ஒருவருக்குத் தவணை தவறினால் ஐந்து பேருக்கும் கெட்ட பெயர். தொழில் என்ன என்றே இன்னும் முடிவாகாதவருக்கு, வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவருக்கு, இதுதான் முதல் வாசல். அவசரத் தேவை உள்ளவருக்கு அல்ல.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டுப் பணம் | நலத்துறை உதவி | மானியக் கடன் | கூட்டுறவுக் கடன் | சுய உதவிக் குழு |
|---|---|---|---|---|---|
| பணம் கைக்கு வர | சில நாள் | சில மாதம், ஒதுக்கீட்டைப் பொறுத்து | பல மாதம் | ஜாமீன் கிடைப்பதைப் பொறுத்து | ஆறு மாதத்துக்கு மேல் |
| பொருந்தும் அளவு | 1 லட்சத்துக்குள் | கருவி, அல்லது 50,000-க்குள் | 2 லட்சத்துக்கு மேல் | 1, 2 லட்சம் | சிறு தொகை |
| கவிழ்ந்தால் | அண்ணனின் சேமிப்பு, உறவு | இழப்பு குறைவு | தங்கையின் சிபில், மானியமும் போகும் | ஜாமீன்தாரர் | குழு முழுவதும் |
| கண்ணில் படாத செலவு | அட்வான்ஸ், சொல்லிக் காட்டல் | துணைக் கருவிகள், கூலியாள் | அலைச்சல், மூன்று வருட முடக்கம் | ஜாமீன் தேடல் | கூட்டத்துக்குப் பயணம் |
| அடுத்த கதவு | பிஎம்இஜிபி அடைபடலாம் | மானியம் வாங்கினால் பிஎம்இஜிபி அடைபடலாம் | இதுவே பெரிய கதவு | விசாரித்துக்கொள்ளவும் | திறந்தே இருக்கும் |

அட்டவணையில் ஏற்றமுடியாத இரண்டு விஷயங்கள்.

ஒன்று உதவித்தொகை. நலத்துறை தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், வருவாய்த்துறை வழியாக வரும் ஓய்வூதியமும் வேறு வேறு, விதிகளும் வேறு. தொழில் தொடங்கினால் அது நிற்குமா என்ற பயத்தில் கடையை அண்ணன் பெயரில் பதிவு செய்கிறார்கள். முதலில் எந்தத் துறையின் பணம் வருகிறது என்று பாஸ்புக்கில் பாருங்கள், பிறகு அந்த அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பயத்தில் பெயரை மாற்றாதீர்கள்.

இன்னொன்று, "அவ பேர்ல லோன் போட்டா மானியம் அதிகமாமே" என்று தொடங்கும் போன்கள். கடன் அவள் பெயரில், தொழில் மச்சானுடையது. மூன்றாவது தவணையிலிருந்து மச்சான் போனை எடுக்கமாட்டார். நோட்டீஸ் மட்டும் அவள் பெயருக்கு வரும். இதற்கு நான் உதவுவதில்லை. நேராகச் சொல்லி வைத்துவிடுகிறேன்.

புற உலகச் சிந்தனையற்ற நிலையிலோ (ஆட்டிசம்) அறிவுசார் குறைபாட்டிலோ உள்ளவருக்கு என்றால் கேள்வி கொஞ்சம் மாறும். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். வங்கி அந்தச் சான்றைக் கேட்கும். அதற்கு முதலில் விண்ணப்பித்துவிட்டுத் தொழிலைப் பற்றிப் பேசலாம். அங்கேயும் கல்லாவில் காசு போடும் கை அவருடையதாக இருக்கட்டும்.

போன் செய்த அண்ணனுக்கு என்ன சொன்னேன்? போனைத் தங்கையிடம் கொடுக்கச் சொன்னேன். தயங்கித்தான் கொடுத்தார். பெட்டிக்கடை வேண்டாம் என்றது அந்தப் பெண். பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யத் தெரியுமாம், ஏற்கனவே நான்கு வீட்டு ஆர்டர் கையில் இருக்கிறதாம். வீட்டில் யாருக்கும் அது 'தொழில்' என்று தோன்றவில்லை. முதல் வழியில் 25,000 மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்குவது, மிச்சத்தை அந்தப் பெண்ணின் கணக்கில் போட்டு வைப்பது, அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் கிடைத்தால் குழுவில் சேர்வது, பெரிதாகப் போகத் தோன்றினால் கடை எடுக்கும் முன் தொழில் மையத்துக்குப் போவது என்று பேசி முடித்தோம். போனை வைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணா, அந்தக் கியூஆர் அட்டை என் நம்பருக்கே வாங்க முடியுமா? எங்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு."

25,000-த்தில் முதல் செலவு என்னவென்று அப்போதே முடிவாகிவிட்டது.